அபாய மணியின் கதை – 14: பதினோராம் எண் கூண்டு

சென்ற வாரம் கல்கத்தாவில் நிறுத்தினோம். 1864ஆம் ஆண்டுப் புயல் ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. மறு ஆண்டே, 1865இல், அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் குறியீடு வந்துவிட்டது. 1898 ஏப்ரல் முதல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டு முறை.

அதற்கு முந்தைய வாரம் கணினிப் பக்கம் இருந்தோம். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன், தன்னுடைய சென்ட்மெயில் அஞ்சல் நிரலுக்காக 'சிஸ்லாக்' என்ற பதிவு முறையை எழுதினார். எட்டுப் படிகள். 0 என்றால் உச்சகட்ட நெருக்கடி. 7 என்றால் நிரல் எழுதுபவர் மட்டும் பார்க்க வேண்டிய சில்லறைக் குறிப்பு. யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்கள் இன்றும் பழுதுகளை அந்த எட்டுப் படிகளில்தான் தரம் பிரிக்கின்றன.

துறைமுகத்துக்கும் இயங்குதளத்துக்கும் தொல்லை ஒன்றுதான். பெரிய ஆபத்து வரும்போது யாரிடம் சொல்வது, எந்த வழியில் சொல்வது, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமல் போனதற்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர், சிதம்பரம் கரைகள் கொடுத்த விலைதான் இந்த வாரக் கதை.

★

கடலூர் முதுநகர். உள்ளூர்க்காரர்களுக்கு ஓ.டி. கெடிலமும் பரவனாறும் சேர்ந்து கடலுக்குள் போகும் முகத்துவாரத்தில் பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒரு கொடிமரம்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தமிழ்நாடே அந்தக் கொடிமரத்தைப் பற்றிப் படிக்கும். 'கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.' பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள்.

1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை தொடக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். அபாயத்துக்கு மூன்று எண்கள் எதற்கு? புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கம் விட்டுக் கடக்குமா, நேராக மேலேயே ஏறிப்போகுமா என்று பிரித்துச் சொல்வதற்கு. படகு வைத்திருப்பவருக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து திரும்பும் என்பது உயிர்ப் பிரச்சினை. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

ஆனால் பட்டியல் பத்தோடு முடியவில்லை. பதினோராம் எண் ஒன்று இருக்கிறது.

வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது; மோசமான வானிலைக்கான ஆபத்து இருப்பதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார். இதுதான் 11இன் பொருள். புயல் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்ற ஒரு விவரமும் அதில் கிடையாது. தகவல் வரவில்லை என்பதுதான் அதில் இருக்கும் தகவல்.

அதைப் பட்டியலின் உச்சியில், பெரும் அபாயத்துக்கும் மேலே வைத்திருக்கிறார்கள். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த ஒரு வரிதான்.

சிஸ்லாக்கின் எட்டுப் படிகளில் இப்படி ஒரு படி இல்லை. இருக்கவும் முடியாது. 'நான் செத்துவிட்டேன்' என்று ஒரு சர்வர் தானே எழுதி அனுப்ப முடியாது. அனுப்பும் சேதியும் பழைய முறையில் யூடிபி வழியாகப் போனது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கணினி கேட்பதில்லை. சேர்ந்தது என்று மறுமுனை சொல்வதும் இல்லை. கண்காணிக்கும் திரை சும்மா காதைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், நன்றாக ஓடும் சர்வரும் செத்துக் கிடக்கும் சர்வரும் அதற்கு ஒன்றுதான். இரண்டிலிருந்தும் சத்தம் வராது. திரையில் பச்சை எரியும்.

2004 டிசம்பர் 26 அன்று வங்கக் கடலின் திரையில் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது.

★

மார்கழிப் பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சிதம்பரம் மார்கழித் திருவாதிரைத் திருவிழாக் கூட்டத்தில் இருந்தது. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை.

காலை 6 மணி 28 நிமிடம் 53 விநாடி. சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடல் தரை உடையத் தொடங்கியது. உடைப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. வடக்கே நிக்கோபார், அந்தமான் என்று 1,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. ஓடி முடிக்க எட்டுப் பத்து நிமிடம் ஆனது. சென்னையில் அதிர்வை உணர்ந்து வீட்டைவிட்டு வெளியே வந்தவர்கள் உண்டு.

ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்தே நிமிடத்தில் அறிக்கை விட்டது. நிலநடுக்கத்தின் அளவு 8.0, பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை. இரண்டுமே அன்று கையில் இருந்த கணக்குப்படி சரி. ஆனால் பின்னர் உறுதியான அளவு 9.1. எண்ணில் சிறு வித்தியாசமாகத் தெரியும். வெளிப்பட்ட ஆற்றலில் ஏறத்தாழ 45 மடங்கு. வேகமாகக் கணக்கிடும் முறைகள் குறுகிய அலைகளை வைத்து அளந்தன. பத்து நிமிடம் நீளும் ஒரு உடைப்பை அந்த அலைகளுக்குள் அடக்க முடியாது. மிகப் பெரிய பழுதுகள் தொடக்கத்தில் சிறிய எண்ணோடுதான் வந்து நிற்கும் என்பதைக் கணினி அறையில் இரவு வேலை பார்த்தவர்களும் அறிவார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஹவாய் மையம் அளவை 8.5 என்று திருத்தியது. மையப்பகுதிக்கு அருகே சுனாமி எழலாம் என்றும் சேர்த்தது. நம் நேரம் காலை ஏழரையைத் தாண்டியிருந்தது. கடலூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம்.

அந்த ஒரு மணி நேரத்தை யாரிடம் கொடுப்பது? அவர்களது பட்டியலில் இருந்த முகவரிகள் பசிபிக் நாடுகளுடையவை. இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு எச்சரிக்கை வலையே அப்போது இல்லை. இலங்கையில் அலை புகுந்த சேதியை அவர்கள் இணையச் செய்திகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

★

நம் பக்கம் என்ன நடந்தது?

கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம். அன்றைய விமானப்படைத் தளபதி எஸ்.கிருஷ்ணசாமி பின்னர் பத்திரிகையில் சொன்ன விவரம் இது. காலை ஏழரை மணி வாக்கில் சென்னைப் பிரிவிலிருந்து நிலநடுக்கச் சேதி வந்தது. தீவோடு வழக்கமான தொடர்புகள் எல்லாம் அறுந்திருந்தன. 7.50 வாக்கில் உயர் அலைவரிசை ரேடியோ மட்டும் ஒருமுறை பேசியது. தீவு மூழ்குகிறது, எங்கு பார்த்தாலும் தண்ணீர் என்றது. அதுதான் கடைசி.

விமானப்படையினரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். சுமத்ராவிலிருந்து தமிழகக் கரைக்கு வரும் அலை, வழியில் முதலில் தொடுவது நிக்கோபாரை. அங்கே ஒரு தளமே பேச்சு மூச்சில்லாமல் போயிருக்கிறது. அந்த மௌனம் அலைக்கு முன்பாகவே சென்னையை அடைந்துவிட்டது. பதினோராம் எண் கூண்டை ஏற்ற வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அந்த மௌனத்தை 'அடுத்தது கடலூர்' என்று படிக்க வேண்டும் என ஒரு விதியும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தளத்தின் சேதி படைக்குள் மேலே போனது. கரைக்கு வரவில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் நிலநடுக்கப் பதிவு இருந்தது. காலை ஒன்பது மணியை ஒட்டி ஃபேக்ஸ் புறப்பட்டது. அது போனது முரளி மனோகர் ஜோஷிக்கு என்று அன்றைய நாளேடுகள் எழுதின. அவர் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தது 2004 மே மாதம் வரை. ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது. அமைச்சர் கபில் சிபல். பட்டியலில் பெயர் மாறவில்லை.

இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் அப்போது உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேக்ஸ் போட்டவர் தன் பட்டியலில் இருந்த பெயருக்குத்தான் போட்டார். அந்தப் பட்டியலை ஏழு மாதமாக ஒருவரும் எடுத்துப் பார்க்காமல் இருந்ததுதான் குற்றம். வேலையை விட்டுப் போன பொறியாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் சர்வர்கள் இன்றைக்கும் எத்தனையோ நிறுவனங்களில் இருக்கின்றன.

அலைமானிகளும் வேலை செய்தன. சென்னையில் கடல் மட்டம் ஏறி இறங்கியதைக் கருவி துல்லியமாகக் குறித்து வைத்தது. ஆனால் குறித்ததை உடனுக்குடன் எங்கும் அனுப்பும் வசதி அதற்கு இல்லை. பிற்பாடு ஆய்வாளர்களுக்கு அருமையான வரைபடம் கிடைத்தது. பதிவேடு எழுதுவது வேறு, ஆளை எழுப்புவது வேறு. இயங்குதளங்களை வடிவமைப்பவர்கள் பல காலம் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக நம்பினார்கள்.

★

எட்டரை மணிக்கு மேல் கடல் வந்தது.

தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா. வெள்ளி கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டம். தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் சாமியார்பேட்டை, புதுக்குப்பம்.

சிதம்பரம் வட்டத்தில் கிள்ளைக்கு எதிரே எம்.ஜி.ஆர். திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே மணல் மேட்டில் ஊர். அங்கிருந்து வெளியே வர வேண்டுமென்றால் படகில்தான் வர வேண்டும். ஓடுவதற்கு இடம் இல்லாத ஊருக்கு எச்சரிக்கை மற்றவர்களைவிட முன்னதாக வந்திருக்க வேண்டும். வரவே இல்லை. ஊர் அழிந்தது. பிழைத்தவர்கள் பிறகு கிள்ளைப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள்.

பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு தன் பின்னால் இருந்த சில ஊர்களுக்கு அலையின் வேகத்தைத் தணித்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2005இல் எழுதினார்கள். அது தனிக்கதை.

கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் 6,000க்கும் மேல். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இருந்தது.

★

அதே காலை. கடலூருக்குச் சற்று வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு.

ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தியில் சுனாமி என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் ஒரு மாதிரி இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்றார்கள். உடனே ஊரைவிட்டுக் கிளம்புங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார்.

எல்லோருக்கும் எப்படிச் சொல்வது?

நல்லவாட்டில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது. இந்த மையங்கள் கடலோர ஊர்களில் செய்துவந்த வேலை எளிமையானது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வது. அதைக் கேட்டுவிட்டுப் படகு எடுப்பது மீனவர் வழக்கம்.

ஊரார் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். கதவை உடைத்து உள்ளே போனார்கள். ஒலிபெருக்கி அலறியது. மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட மக்கள் இருந்த ஊர் மேட்டுப் பக்கம் போய் உயிர் தப்பியது. வீடுகளும் படகுகளும்தான் போயின.

தொலைபேசி அழைப்பால் ஊர் பிழைத்தது என்றுதான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அழைப்பு மட்டும் வந்திருந்தால் நாலைந்து வீடுகள் பிழைத்திருக்கும். அந்த ஒலிபெருக்கி அன்றாடம் பேசிக்கொண்டிருந்த கருவி. நேற்றும் பேசியது, முந்தாநாளும் பேசியது. அதில் பழுது இருந்திருந்தால் ஊருக்கு முன்பே தெரிந்திருக்கும். அதன் குரலை நம்பலாம் என்பதும் தெரியும். ஆபத்துக்காக மட்டும் பூட்டி வைத்த சங்கு அன்று ஊதியிருக்குமா என்பதை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கணினி உலகில் இதற்கு 'ஹார்ட்பீட்' என்று பெயர். சர்வர் சில விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் மணி அடிக்க வேண்டும். மணி அடிக்கும் பொறுப்பு செத்தவனிடமிருந்து உயிரோடு இருப்பவனிடம் கைமாறுகிறது.

★

இயங்குதளத்துக்கு உள்ளே இந்தத் திருப்பம் எப்படி வந்தது?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தனக்குள்ளேயே மீட்க முடியாத பிழையைக் கண்டால் 'பானிக்' என்று அறிவித்து நின்றுவிடும். நிற்பதற்கு முன் காரணத்தை எங்காவது எழுத வேண்டும். வட்டில் எழுதலாம் என்றால், வட்டுக்குப் போகும் பாதையையும் நடத்துவது அதே கெர்னல்தான். சிதைந்த மூளையை நம்பி எழுதவிட்டால் நல்ல கோப்புகளையும் அழித்து வைக்கும்.

2005இல் லினக்ஸின் 2.6.13 பதிப்பில் 'கேடம்ப்' சேர்ந்தது. அதை உருவாக்கியதில் ஐபிஎம்மின் இந்தியப் பொறியாளர்களுக்கும் முக்கியப் பங்கு உண்டு. யோசனை துணிச்சலானது. கணினி நன்றாக இருக்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் இரண்டாவது சிறு கெர்னல் ஒன்றை ஏற்றித் தயாராக வைத்துவிடுவது. முதல் கெர்னல் விழுந்த கணத்தில் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை அப்படியே எடுத்துப் பாதுகாக்கும். செத்தவன் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

அதுவும் நடக்காத அளவுக்குக் கணினி உறைந்துபோனால்? வன்பொருளிலேயே ஒரு 'வாட்ச்டாக்' கடிகாரம். இயங்குதளம் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடுவது நின்றால் கடிகாரம் கணினியை மறுபடி தொடங்கிவிடும். இங்கேயும் பதினோராம் எண்தான்.

சேதி போகும் வழியிலும் மாற்றம் வந்திருந்தது. வலையமைப்புக் கருவிகளுக்காக 1988இல் வந்த எஸ்என்எம்பியில் 'டிராப்' என்று ஒரு வகைச் சேதி உண்டு. சாதாரணத் தபால் போல, பெட்டியில் போட்டதோடு சரி. 1990களில் இரண்டாம் பதிப்பு 'இன்ஃபார்ம்' என்பதைச் சேர்த்தது. இது ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபால். அட்டை திரும்பி வரவில்லையென்றால் மறுபடி அனுப்பும்.

★

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் நிறுவனத்துக்குள், இரவும் பகலும் ஆள் இருக்கும் அறை.

2004இல் எது எதுவெல்லாம் அறுந்ததோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறார்கள். கடல் தரையில் அழுத்தமானிகள்; மேலே மிதவைகள் வழியாகச் செயற்கைக்கோளுக்குச் சேதி. உடனுக்குடன் பேசும் அலைமானிகள். முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அலைக் காட்சிகள். நிலநடுக்கம் வந்ததும் பொருந்துவதை எடுத்தால் போதும். மூன்று படிகள்: சிவப்பு என்றால் மக்களை வெளியேற்று, ஆரஞ்சு என்றால் கடற்கரையைக் காலி செய், மஞ்சள் என்றால் தயாராக இரு. ஒவ்வொரு படிக்கும் ஒரு செயல் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். வெறும் எண்ணாக விடவில்லை.

முகவரிப் பட்டியலுக்கும் மருந்து வந்தது. இந்தியப் பெருங்கடல் நாடுகள் எல்லாம் ஆபத்து இல்லாத நாளில் சோதனைச் சேதி அனுப்பி, யாருக்குச் சேர்ந்தது, எத்தனை நிமிடத்தில் சேர்ந்தது என்று பார்க்கத் தொடங்கின.

2012 ஏப்ரல் 11 பிற்பகல். அதே சுமத்ரா, 8.6. எட்டே நிமிடத்தில் ஹைதராபாத்தின் முதல் அறிக்கை வந்தது. தமிழகக் கரையில் மக்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். கடல் தரை அந்த முறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. கருவிகள் அதையும் சொல்லின; எச்சரிக்கை விலக்கப்பட்டது.

மேலிருந்து கீழே வரும் வழி அன்று வேலை செய்தது. கீழிருந்து மேலே போகும் வழி?

அதற்கு மூன்றரை மாதம் முன்புதான், 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் கடலூரை ஒட்டிக் கரை ஏறியிருந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது, கூண்டும் ஏறியது. ஆனால் காற்று அடித்து ஓய்ந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்து சாலைகளை அடைத்தன. உள்ளூரிலிருந்து உதவி கேட்கவே வழியில்லாத ஊர்கள் இருந்தன.

பதினோராம் எண் கூண்டைத் துறைமுக அதிகாரி ஏற்றலாம். அதைப் பார்க்கக் கடலில் கப்பல் இருக்கிறது. துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மாவட்டமே பேச்சற்றுப் போனால், அந்த மௌனத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியவர் யார்? எத்தனை நிமிடம் பேச்சு வராவிட்டால் அவர் மணியை அடிக்க வேண்டும்?

(அடுத்த வாரம்: தானே)